பச்சை ஜந்துவின் செவுள்

பழைய பேய்ப் படம், வேற்றுக்கிரகப் படம் என்றால் எனக்குப் பைத்தியம். ஓடாமல் போன ஒரு பம்பாய்ப் படத்தில் வரும் பச்சை ஜந்துவுக்காக ரசிகர் குழுவில் பத்து வருடமாகச் சண்டை போட்டு வருகிறேன். அதன் கழுத்தில் மூன்று கீறல்கள் உண்டு. அவை செவுள்கள், ஆகவே அது கடல் கிரகத்து ஜீவன் என்பது என் கட்சி.

போன மாதம் அறுந்துபோன ஆபீஸ் பையைத் தைக்க மாட்டுங்காவிலிருந்து தாராவிக்குப் போனேன். தோல் பட்டறை அக்கா பையைப் பார்க்கவில்லை. என் டீஷர்ட்டில் இருந்த ஜந்துவையே பார்த்தார்.

"இந்த வேஷத்த நாங்கதான் தச்சோம்" என்றார்.

கேள்வி கேட்க வேண்டிய நான் விளக்கத் தொடங்கினேன். "கழுத்துல பாருங்கோ, செவுள். அதாலதான் மூச்சு விடறது."

அக்கா பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"உள்ள இருந்தது எங்க வீட்டுக்காரவ. அவிய உடம்ப அளவெடுத்துதான் தச்சோம். அதனால அவியளையே மாட்டச் சொல்லிட்டானுவ. லைட்டு சூட்டுல மூச்சு முட்டி விழுந்துட்டாவ. தோல் அறுக்குற கத்திய வச்சு வேஷத்தோட கழுத்த நான்தான் கீறிவிட்டேன்."

"இப்ப எங்க இருக்கார்?"

"சரக்கு குடுக்கப் போயிருக்காவ. வந்துருவாவ."

பை தைத்து முடிந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. அந்தப் படத்தை நாற்பது முறையாவது பார்த்திருப்பேன். மூச்சு விடத்தான் அந்தக் கீறல்கள் என்று நான் சொன்னது சரிதான். யாருடைய மூச்சு என்று ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை.