மூன்றாம் பக்கம் போகவில்லை

என் தங்கை வெளிநாட்டுக்கு நர்ஸாகப் போக முடியாமல் போனதற்கு யார் காரணம் என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு அது ராகு. அப்பாவுக்கு அந்த நாட்டு ஆபீஸ்காரர்களின் திமிர். தங்கைக்கு, அவள் படித்த நர்ஸிங் காலேஜின் அலட்சியம். சரியான பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இரண்டு வருஷம் அதை வாயைத் திறந்து சொல்லாமல் அவர்களோடு உட்கார்ந்து சோறு தின்றேன்.

நான் சேலத்தில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறேன். இன்டர்நெட் வழியாகப் போன் பேசவும் ஃபேக்ஸ் அனுப்பவும் சாஃப்ட்வேர் செய்கிறோம். வெளிநாடுகளில் போன் இணைப்பு கொடுக்கிற கம்பெனிகள் அதை வாங்குகின்றன. டெவலப்பர்கள் தங்கள் புரோகிராமோடு இணைத்துக்கொள்கிறார்கள். சொந்தக்காரர்களிடம் சொன்னால், ஃபேக்ஸ் எல்லாம் இன்னும் இருக்கிறதா என்று சிரிப்பார்கள். இருக்கிறது. நம்மூர் ஜெராக்ஸ் கடையிலேயே செத்துப்போன அந்த மெஷின், பணக்கார நாடுகளின் ஆஸ்பத்திரிகளிலும் அரசாங்க ஆபீஸ்களிலும் இன்றைக்கும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. மெயிலில் வந்தால் செல்லாது, ஃபேக்ஸில் வந்தால்தான் காகிதம் என்று நினைக்கிற அதிகாரிகள் அங்கே நிறைய. அவர்கள் புண்ணியத்தில்தான் எனக்குச் சம்பளம்.

இன்டர்நெட்டில் பேச்சு துண்டு துண்டாகத்தான் போகும். நடுவில் ஒரு துண்டு காணாமல் போனால் காது கண்டுகொள்ளாது. மிஞ்சிப்போனால், என்ன சொன்னீங்க என்று இன்னொரு தரம் கேட்டுக்கொள்ளலாம். ஃபேக்ஸ் அப்படியில்லை. ஒரு துண்டு தவறினாலும் அந்தப் பக்கத்து மெஷின் கோபித்துக்கொண்டு லைனை வெட்டிவிடும். எல்லாம் ஒழுங்காகப் போனால், ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் கிடைத்தது என்று ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் வந்தால்தான் பக்கம் போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். எங்கள் சாஃப்ட்வேரும் முதலில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. சேர்ந்தால் பச்சை, சேராவிட்டால் சிவப்பு.

சிவப்பு நிறைய வந்தது. கஸ்டமர்கள் கத்தினார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டங்காடு உள்ள குடும்பம். போர் போடுகிற ரிக் வண்டியும் லாரியும் ஓட்டிவிட்டுக் கடைசியில் சாஃப்ட்வேருக்கு வந்தவர். அவருக்குப் புரோகிராம் தெரியாது, கத்துகிற ஆளை அடக்கத் தெரியும்.

"ஏஞ்சாமி, லோடு நம்ம செட்டத் தாண்டிப் போயிருச்சுன்னா, போயிருச்சுனு சொல்லீற வேண்டியதுதான? அந்தப் பக்கம் எறக்கறது அவனவன் பாடு" என்றார்.

அதாவது, எங்கள் சர்வர் ஃபேக்ஸை அடுத்த கம்பெனியின் லைனில் தள்ளிவிட்ட உடனே பச்சை காட்டிவிட வேண்டும். ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றிவிட்டேன்.

இது பொய் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் எந்த வேலையைப் பற்றிக் கேட்டாலும் 'ஆச்சுங்க' என்பதுதான் பதில். டெய்லர், ஆச்சுங்க, காஜா எடுக்கறது மட்டுந்தான் பாக்கி என்பார். துணியை வெட்டியே இருக்க மாட்டார். வீட்டில் இட்லி தின்றுகொண்டிருக்கிற டிரைவர், கிட்ட வந்துட்டனுங்க என்பார். கேட்டவர் முகம் சுண்டிவிடக் கூடாது என்கிற மரியாதை அது. கேட்கிறவருக்கும் அது தெரியும். ஆச்சுங்க என்றால் இன்னும் இரண்டு நாள் என்று அவரே கூட்டிக்கொள்வார். அந்த மரியாதையை நான் ஒரு மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இந்தக் கூட்டல் தெரியாது என்பதை நினைக்கவில்லை.

நினைக்கவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. முதலாளி லாரியைச் சொல்லி ஒப்பேற்றினாரே தவிர, எந்த லாரி ஆபீஸிலும் அப்படிச் செய்ய மாட்டார்கள். சரக்கு இறங்கிய இடத்தில் சீல் போட்ட ரசீது திரும்பி வரும்வரை டெலிவரி ஆனது என்று எழுதுவதில்லை. எங்கள் அப்பா நாமக்கல்லில் ஒரு புக்கிங் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். இது எனக்குத் தெரியாததல்ல. அதனால்தான் டெவலப்பர்களுக்கான கையேட்டில், பச்சை என்பது அடுத்த நிறுவனத்திடம் ஒப்படைத்ததை மட்டுமே குறிக்கும் என்று ஒரு பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் எழுதி வைத்தேன். யாரும் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்தே எழுதினேன். சிவப்பு குறைந்தது. முன்னைவிட ஒரு ஃபேக்ஸ்கூட அதிகமாகப் போய்ச் சேரவில்லை. அந்தத் தீபாவளிக்கு முதலாளி எனக்கு மட்டும் இரண்டு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்.

அடுத்த வருஷம் தங்கைக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை அமைந்தது. நாமக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வில் நின்ற நிலையில் வேலை பார்த்துக்கொண்டே, மூன்றாவது தடவையில் ஆங்கிலப் பரீட்சையைத் தாண்டியிருந்தாள். பாக்கி ஒரே ஒரு காகிதம். அவள் அங்கேதான் படித்தாள் என்று காலேஜே நேரடியாக அந்த நாட்டு நர்ஸிங் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும். தபால், இல்லாவிட்டால் ஃபேக்ஸ். மெயில் கூடாது. பிரின்ஸிபால் லீவில் இருந்து வந்து கையெழுத்துப் போடுவதற்குள் தபாலுக்கு நேரம் போய்விட்டது. கெடுவுக்கு எட்டு நாள்தான் இருந்தது. காலேஜில் ஃபேக்ஸ் மெஷின் இல்லை. இதை அவள் அழாத குறையாகச் சொன்னபோது, ஃபேக்ஸ் நம் கடைச் சரக்கு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

காலேஜ் ஆபீஸில் ஒரே ஒரு கிளார்க் அம்மா. ரிட்டயர் ஆகப் போகிற வயது. அவர் கம்ப்யூட்டரிலேயே எங்கள் சாஃப்ட்வேரில் காலேஜ் பெயரில் கணக்குத் திறந்து மூன்று பக்கத்தையும் அனுப்பினேன். முதல் பக்கம் முகப்பு, இரண்டாவது மார்க், மூன்றாவது பிரின்ஸிபாலின் கையெழுத்தும் சீலும் உள்ள சான்று. சில நிமிஷத்தில் பச்சை வந்தது. தங்கை என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"போயிருச்சுங்களாண்ணா?"

"போய்ச் சேந்திருச்சு கண்ணு."

அந்தப் பச்சைக்கு என்ன அர்த்தம் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவன் நான். இருந்தும் அதைப் பார்த்ததும் எனக்கும் மனசு குளிர்ந்துவிட்டது. உண்மையில் என்ன நடந்தது என்பது சர்வரின் பதிவில் அப்படியே இருக்கும். இரண்டு தட்டுத் தட்டினால் திறந்திருக்கும். தட்டவில்லை. ஃபேக்ஸ் போனதற்கான ரிப்போர்ட்டை ஒரு காகிதத்தில் எடுத்து அவளிடம் கொடுத்தேன். வீட்டில் அம்மா அதன் மூலையில் மஞ்சள் வைத்தாள்.

ஐந்து வாரம் கழித்துக் கவுன்சிலிடமிருந்து கடிதம் வந்தது. சான்று முழுமையாகக் கிடைக்கவில்லை, விண்ணப்பத்தை மூடிவிட்டோம் என்று இரண்டு வரி. தங்கை அந்த ரிப்போர்ட்டை ஸ்கேன் செய்து அனுப்பினாள், மஞ்சளோடு. அனுப்பியவரின் ரிப்போர்ட், பெற்றதற்குச் சாட்சி ஆகாது என்று பதில் வந்தது. இதற்குள் ஆஸ்பத்திரியில் அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றால், ஆங்கிலப் பரீட்சை மார்க்கின் ஆயுள் முடிந்திருந்தது.

கவுன்சிலின் பதில் வந்த மறுநாள் காலையில் ஆபீஸுக்குப் போய்ப் பதிவைத் திறந்தேன். முதல் பக்கம் கிடைத்தது. இரண்டாவது கிடைத்தது. மூன்றாவது பாதியில் லைன் வெட்டப்பட்டது. அன்றைக்கே இன்னொரு தரம் அனுப்பியிருந்தால் போயிருக்கும். எட்டு நாளில் எட்டு தரம்கூட அனுப்பியிருக்கலாம். லீவு சொல்லிவிட்டு, அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று வீட்டுக்கு வந்தேன்.

அவள் ஃபைலோடு வாசலில் நின்றிருந்தாள். காலேஜில் என்ன லட்சணத்தில் கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டும், வண்டியை எடுங்கள் என்றாள். எடுத்தேன். இன்றைக்கும் எனக்கு விளங்காதது அதுதான். சொல்ல வந்தவன் பேசாமல் வண்டியைத் திருப்பினேன்.

தங்கை சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு அந்தக் கிளார்க் அம்மாவை நிற்க வைத்துக் கேட்டாள். என் வாழ்க்கையே போச்சு, அரைகுறையாகக் கொடுத்திருக்கிறீர்கள் என்றாள். அந்த அம்மா, உங்கண்ணன்தானே பக்கத்தில் இருந்து அனுப்பினார் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்க குடுத்தத அப்படியே அனுப்புனனுங்க" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கையேட்டின் அடியில் பொடி எழுத்தில் எழுதினேனே, அதே கை. பிரின்ஸிபால் வந்து எங்கள் முன்னாலேயே அந்த அம்மாவைத் திட்டினார். அந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். ஒரு கஷ்டமும் இல்லை. பக்கத்தில் இன்னொருவர் அடிவாங்க நின்றால் போதும்.

தங்கையை வெண்ணந்தூரில் கட்டிக் கொடுத்தோம். பழைய ஐ.சி.யூ.வுக்கே தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். மறுபடி பரீட்சை எழுது என்று யாரும் சொல்லவில்லை, அவளும் பேச்செடுக்கவில்லை. எனக்குச் சம்பளம் கூடியது. கீழே நாலு பேரைக் கொடுத்தார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சாப்பிடும்போது ஆஸ்பத்திரிக் கதை ஒன்று சொன்னாள். புதிதாக வந்த பெண் ஒருத்தி, நோயாளியின் பிரஷரைப் பார்க்காமலே சார்ட்டில் எழுதிவிட்டாளாம். தங்கை அவளை அந்த நிமிஷமே வார்டைவிட்டு வெளியே அனுப்பினாளாம். பார்க்காமல் எப்படி எழுத மனசு வரும் என்று என்னைக் கேட்டாள். சும்மா பேச்சுவாக்கில்தான் கேட்டாள். தட்டில் பாதிச் சோறு இருக்க எழுந்தேன். கை கழுவிவிட்டு அவளை முற்றத்துக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாற்றிய வரி, பச்சை, மூன்றாவது பக்கம், பதிவைப் பார்த்த பிறகும் காலேஜில் நான் சொன்ன வார்த்தை.

அவள் அழவில்லை, திட்டவில்லை. நோயாளி சொல்வதைக் கேட்கிற மாதிரி முழுக்கக் கேட்டாள். திட்டினால் பாரம் இறங்கும் என்று நான் காத்திருந்தேன்.

"இப்ப அத மாத்திப்போட்டீங்களாண்ணா?"

இல்லை என்றேன்.

"ஆஸ்பத்திரிங்களுக்கெல்லாம் இன்னும் அதுலதான் ரிப்போர்ட்டு போகுதுங்களா?"

ஆமாம் என்றேன். முதலாளி சம்மதிக்க மாட்டார், கஸ்டமர்களோடு ஒப்பந்தம் இருக்கிறது, நான் ஒருவன் நினைத்தால் ஆகாது என்றெல்லாம் ஆரம்பித்தேன். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அப்ப எதுக்குங்ண்ணா எங்கிட்டச் சொல்றீங்க?"

பஸ் ஸ்டாண்டில் விடுகிறேன் என்று வண்டிச் சாவியை எடுத்தேன். வேண்டாம் என்று நடந்தே போனாள். மறுநாள் திங்கட்கிழமை. நான் வழக்கம்போல வேலைக்குப் போனேன்.