செருப்பைக் கழற்ற முடியாத வீடு

அக்கா என்றதும், வீட்டுக்குள் ரப்பர் செருப்போடு நடந்தபடி சோறு வடித்த அக்காதான் ஞாபகத்துக்கு வருகிறாள். மண்சரிவில் அம்மாவும் அப்பாவும் நாங்கள் இருந்த லயத்து வீட்டோடு மண்ணுக்குள் போன பிறகு எனக்கு அவள் ஒருத்திதான். பூண்டுலோயாப் பக்கம் ஒரு மேட்டில் அரசாங்கம் தகரக் கொட்டில்கள் அடித்துக் கொடுத்தது. மழை பெய்தால் தகரத்தில் கரண்ட் ஏறும். கை பட்டால் சுள்ளென்று இழுக்கும். அதனால் பாய் விரிக்கும்போதுகூட எல்லார் காலிலும் செருப்பு. "பாத்தியா, தொர பங்களா அம்மா மாதிரி வூட்டுக்குள்ளயே செருப்போட நடக்கிறோம்" என்று அக்கா சிரிப்பாள்.

சிரித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. நாங்கள் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் போய்ச் சொன்னாள். கொட்டில் அரசாங்கத்துடையது என்றார்கள். அரசாங்க ஆபீசில் சொன்னாள். நிலம் தோட்டத்துடையது என்றார்கள். வேலையை விட்டுவிட்டு மறுபடியும் போனாள். "தற்காலிக வீடுதானே, கொஞ்சம் பொறுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். "பொறுத்துப் பொறுத்தே எங்க பரம்பரை மண்ணுக்குள்ள போச்சு" என்று வழியெல்லாம் ஏசிக்கொண்டே வந்தாள்.

அன்று வெள்ளிக்கிழமை. விடாத மழை. சாமி மூலையில் மட்டும் எங்களால் செருப்போடு நிற்க முடியாது. அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். படத்துக்குப் பூ வைக்கக் கையை நீட்டினாள். படம் மாட்டியிருந்ததும் தகரத்தில்தான். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லாமல் விழுந்தாள். பக்கத்துக் கொட்டில் சித்தி ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

கருமாதி முடிந்ததும் அரசாங்க ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். "இதுல சைன் வைங்க தங்கச்சி, நஷ்டஈடு சீக்கிரம் வரும்" என்றார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மெதுவாகத்தான் வாசித்தேன். வெறுங்காலோடு நின்றது இறந்தவரின் கவனக்குறைவு என்று எழுதியிருந்தது.

"சாமி கும்பிட செருப்பக் கழட்டினது எங்க அக்கா குத்தமா சேர்? கரண்ட் அடிக்கிற வூட்டக் கட்டிக் குடுத்தது யாரு குத்தம்?"

அவர் வாசலிலேயே தூறலில் நின்றார். சித்தி முன்னால் வந்தாள். "நனையிறீங்களே ஐயா, உள்ள வாங்க. சாமி இருக்கிற வூடு, சப்பாத்த மட்டும் கழட்டிருங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார். உள்ளே வரவில்லை. நான் கையெழுத்து வைக்கவில்லை.

இப்போது நான் போட்ட வழக்குக்காக நுவரெலியாக் கோர்ட்டுக்குப் போய் வருகிறேன். அரசாங்கத்தோடு மோதி என்ன கிடைக்கும் என்று கேட்கிறார்கள். காசு வந்தால் வரட்டும். "எங்கள் பிழையால்தான் அவள் செத்தாள்" என்று அந்த அதிகாரிகள் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை விடமாட்டேன். கொட்டில்கள் இன்னும் அப்படியேதான் நிற்கின்றன. சித்தியின் பேத்தி அதற்குள் தவழத் தொடங்கிவிட்டாள்.

வழக்கின் அடுத்த தவணை நாளுக்கு நான் தனியாகப் போகப்போவதில்லை. இன்று காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற எல்லார் முன்னாலும் சித்தி கங்காணியிடம் சொல்லிவிட்டாள்: "அன்னைக்கு நாங்க ஒருத்தரும் மலைக்கு வரல. கொழுந்து ஒரு நா தானா வளந்துட்டுப் போகட்டும்."