வில்பர்ட் தொடாத ஒரு சாண்

வில்பர்ட் நெயாண்டோவின் சாலையைப் பற்றி வில்பர்ட் நெயாண்டோவுக்கு மிக நல்ல அபிப்பிராயம் இருந்தது. இருபத்தேழு வருஷமாக அவர் அதை, தரையைச் சீவிச் சமப்படுத்தும் கிரேடர் வண்டியின் மெத்தை இருக்கையில், ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் சில அரசாங்கங்கள்கூட ஒழுங்காகத்தான் தெரியும்.

கனடாவின் வடகோடிக்குப் போகும் சரளைச் சாலையில், மலைக்கணவாய் முகாமிலிருந்து பீல் ஆற்றுப் படகுத்துறை வரை ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் அவர் பொறுப்பு. குளிர்காலத்தில் பனியை ஒதுக்குவார். கோடையில் வண்டியின் வயிற்றுக்கடியில் இருக்கும் நீளத் தகட்டை இறக்கி, மேட்டைச் சீவிப் பள்ளத்தில் நிரப்பி, மிஞ்சிய சரளையை ஓரத்தில் வரப்பு மாதிரி குவித்துக்கொண்டே போவார். வரப்பு கோணாமல் இருக்கும். அதில் அவருக்கு ஒரு பெருமை.

முகாம் வாசலில் அவரே வண்ணம் தீட்டி நட்ட பலகை ஒன்று நின்றது. "இங்கிருந்து ஆறு வரை வில்பர்ட்டின் ரோடு. தேநீரைக் கையில் பிடித்துக்கொண்டே ஓட்டலாம்." இதை நடச் சொல்லி மேலிடத்திலிருந்து யாரும் உத்தரவு போடவில்லை. பிடுங்கச் சொல்லியும் போடவில்லை. அரசாங்க வேலையில் இதற்குப் பெயர் அங்கீகாரம்.

லாரிக்காரர்கள் நிஜமாகவே தேநீரோடுதான் ஓட்டினார்கள். சிக்கல் சைக்கிள்காரர்களால் வந்தது. ஜூன் பிறந்து சூரியன் மறைவதை நிறுத்திக்கொண்டதும் அவர்கள் தெற்கிலிருந்து கிளம்பி வருவார்கள். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் பொதி தொங்கும், முகத்தில் கொசுவலை தொங்கும். ஐரோப்பாவில் நல்ல சாலை தீர்ந்துபோய்விட்டதோ என்று வில்பர்ட்டுக்குச் சந்தேகம். முகாம் கொட்டகைக்குப் பின்னால் மூன்று சைக்கிள்கள் கிடந்தன. பாதியில் கைவிட்டு, லாரியில் ஏறிப் போனவர்கள் விட்டுச்சென்றவை. வில்பர்ட் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் "கால்ல வலு இல்ல, பாவம்" என்பார். சாலையைப் பற்றி அந்தச் சைக்கிள்கள் ஏதாவது சொல்கின்றனவா என்று அவர் கேட்டதில்லை.

அந்த வருஷம் ஜூன் கடைசியில் ஆற்றில் வெள்ளம். மரங்கள் வேரோடு மிதந்து வந்ததால் படகு நான்கு நாள் நின்றுபோனது. படகில் வண்டிகளை ஏற்றி இறக்கும் வேலை வில்பர்ட்டின் அக்கா பெர்த்தாவுக்கு. துறையில் இருக்கும் மரக்குடிசையில் பயணிகள் கருத்து எழுத ஒரு நோட்டு உண்டு. அதற்கும் அவள்தான் எஜமானி. காத்திருக்கிறவர்களுக்கு வேலையில்லை, எழுதினார்கள். பெர்த்தாவுக்கும் வேலையில்லை, எழுதியதைச் சாயங்காலம் வயர்லெஸில் படித்தாள். அந்த வயர்லெஸ் முகாமில் உண்டு, லாரிகளில் உண்டு, அக்கரையில் ஊரிலும் பல வீடுகளில் உண்டு. ரகசியம் பேச அதைவிட மோசமான இடம் கிடையாது.

"தம்பி, கேக்குதா?"

"கேக்குது, சொல்லுக்கா."

"உனக்கு ஒரு பாராட்டு வந்திருக்கு. உக்காந்துக்கிட்டுத்தானே இருக்க?"

"நான் என்னைக்கு எழுந்தேன்?"

பெர்த்தா தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள். "நான் ஸ்லோவேனியாவில் பல் மருத்துவர். பத்தொன்பது நாடுகளில் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். பற்களுக்கு எதிராக இவ்வளவு பொறுமையாகத் திட்டமிட்ட சாலையை எங்கும் பார்த்ததில்லை. இதைப் பராமரிப்பவர் ஒருநாளும் இதன்மேல் சைக்கிளில் உட்கார்ந்திருக்க மாட்டார். இப்படிக்கு, பிரெடா."

 வயர்லெஸில் உடனே கார்டியின் குரல் வந்தது. காய்கறி லோடு ஏற்றி வந்து, படகு இல்லாமல் துறையில் மாட்டிக்கொண்ட லாரிக்காரன்.

"அண்ணே, போன வருஷம் எனக்கும் ஒரு கடவாய்ப் பல்லு ஆடுச்சு. வயசாயிடுச்சுன்னு நெனச்சு அழுதேன். நீங்கதானா அது?"

"அந்தம்மாவுக்கு உக்கார்ற எடத்துல கோளாறு," என்றார் வில்பர்ட். "ரோட்டுல இல்ல."

"அவங்க என் பக்கத்துலதான் நிக்கிறாங்க," என்றாள் பெர்த்தா. "நீயே சொல்லு."

புதுக் குரல் ஒன்று நிதானமாகச் சொன்னது: "உக்கார்ற எடத்துலயும் கோளாறுதாங்க. உங்க முகாம் தாண்டின பிறகு ஆரம்பிச்சுது."

எங்கெங்கோ மலைகளுக்கு நடுவே லாரிகளுக்குள்ளிருந்து சிரிப்புக் கேட்டது. வில்பர்ட்டுக்குக் காது சூடாயிற்று. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை நானே சைக்கிள்ல வரேன். முகாம்லேர்ந்து ஆறு வரைக்கும். முன்னால ஒரு கப்புல தேநீர் கட்டிக்கிட்டு. நடுவுல எங்கயாவது எறங்கித் தள்ளினேன்னா, அந்தப் பலகைய நானே புடுங்கிடறேன். போதுமா?"

"அறுபத்தோரு வயசுல?" என்றாள் அக்கா.

"ரோடு நல்லா இருந்தா வயசு எதுக்கு?"

இனி அவர் பெயர் அந்தப் பலகையில் நிற்பதும் நிற்காததும் ஞாயிற்றுக்கிழமையின் கையில். ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது.

வில்பர்ட் நேர்மையானவர். ஆனால் ஏமாளி அல்ல. சனிக்கிழமை விடிந்ததும் (விடிந்ததும் என்று ஒரு பேச்சுக்குச் சொல்வதுதான், இருட்டினால் அல்லவா விடிய) கிரேடரை எடுத்தார். ஐம்பத்தெட்டு கிலோமீட்டரையும் இரண்டு தடவை சீவினார். புதுச் சரளை பரப்பினார். களிமண் கலந்தார். தூசி அடங்க உப்புத் தண்ணீர் தெளித்தார். தேர்வு எழுதுகிறவனே கேள்வித்தாளையும் தயாரித்த கதைதான். பதினாறு மணிநேரம் கழித்து இறங்கி, தன் சாலையைத் திரும்பிப் பார்த்தபோது அது இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி கிடந்தது.

இரண்டு மணிநேரம் கழித்து மழை பிடித்துக்கொண்டது.

ஞாயிறு காலை, மழை விட்ட கையோடு, கொட்டகையிலிருந்த சைக்கிள்களில் பெரியதைத் தேர்ந்தெடுத்து, கைப்பிடியில் தகரக் கப்பைக் கம்பியால் கட்டி, தேநீர் ஊற்றிக்கொண்டு புறப்பட்டார். முதல் மூன்று கிலோமீட்டர் இறக்கம். பாட்டுகூட வந்தது. நாலாவதில் புதுச் சரளை ஆரம்பித்தது. முன்சக்கரம் வலதுபக்கம் போக விரும்பியது, பின்சக்கரம் வீட்டுக்குப் போக விரும்பியது. லாரிக்குக் கீழே அடங்கி ஒடுங்கிக் கிடக்கும் சரளை, சைக்கிளைக் கண்டதும் குதியாட்டம் போட்டது. அது முடிந்த இடத்தில் தகர ஷீட் போல வரிவரியான மேடுகள். சீவியும் போகாத பழைய பாவங்கள். மெதுவாகப் போனால் கொசு பிடித்தது, வேகமாகப் போனால் பல் ஆடியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்கிறதா என்று இருபது கிலோமீட்டர் தேடிப் பார்த்தார். இல்லை.

முப்பத்திரண்டாவது கிலோமீட்டரில் களிமண். அவர் கலந்த களிமண், அவர் தெளித்த உப்புத் தண்ணீர், மேலே கடவுள் ஊற்றிய மழை. மூன்றும் சேர்ந்து கூழாகி, சக்கரத்தில் ஏறி, மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டது. சைக்கிள் நின்றது. வில்பர்ட் நிற்கவில்லை, மெதுவாகச் சாய்ந்து, தன் நேர்கோட்டு வரப்பின் மேல் போய்ப் படுத்தார். அதைத் தாண்டி ஓரத்துக்குப் போகலாம் என்றால், முழங்கால் உயரத்துக்கு அவரே கட்டிய மதில்.

எழுந்து யோசித்தார். தள்ளக் கூடாது. தள்ளினாலும் உருளாது. சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்.

முகாமில் சூடாகச் சாப்பிடலாம் என்று துறையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த கார்டி, பக்கத்தில் லாரியை நிறுத்தினான்.

"ஏறிக்குங்க அண்ணே, வண்டிய ஆத்துப் பக்கம் திருப்பிடறேன். யாருக்கும் தெரியாது."

"உன் வாய்க்குத் தெரியுமே."

கார்டிக்கு அது நியாயமாகவே பட்டது. வண்டியை நகர்த்திக்கொண்டே வயர்லெஸை எடுத்தான். "எல்லாரும் கேளுங்க. முப்பத்திமூணாம் கிலோமீட்டர். அண்ணனும் சைக்கிளும் சேர்ந்துதான் வர்றாங்க. ஆனா யாரு யாரை ஓட்டுறாங்கன்னு சரியாத் தெரியல."

அக்கரையிலிருந்து வில்பர்ட்டின் மனைவி எல்மீராவின் குரல் குறுக்கிட்டது. "அவரு பையில கருவாடு வச்சிருக்கேன். திங்கச் சொல்லு."

திறந்திருந்த ஜன்னல் வழியே வில்பர்ட்டுக்கும் அது கேட்டது. தின்றுகொண்டே நடந்தார்.

முப்பத்தைந்தாவது கிலோமீட்டர் கல்லருகே எதிரே ஒரு சைக்கிள் வந்தது. பொதி இல்லை. ஓட்டிவந்த பெண்மணி நிமிர்ந்து உட்கார்ந்து, சாலையின் எதிர் ஓரத்தில், புல்லை உரசிக்கொண்டு நூல் பிடித்த மாதிரி வந்தாள். பக்கத்தில் வந்து நிறுத்தினாள்.

"நீங்கதான் பல் டாக்டரா?" என்றார் வில்பர்ட்.

"நீங்கதான் ரோடா?" என்றாள் பிரெடா.

பிறகு சைக்கிளை இறக்கச் சொல்லி, சட்டைப் பையிலிருந்து கூடார ஆணி ஒன்றை எடுத்து, மட்கார்டுக்குள் அடைத்திருந்த களிமண்ணைத் தோண்ட ஆரம்பித்தாள். தொழில் அப்படி. வில்பர்ட் தன்னையறியாமல் வாயை மூடிக்கொண்டார்.

"நான் வந்த அன்னைக்கு இவ்வளவு மோசமில்லையே," என்றாள் தோண்டிக்கொண்டே. "நேத்து யாரோ வந்து கெடுத்துட்டாங்க."

"நாந்தான்."

"எதுக்கு?"

"நல்லா இருக்கணும்னு."

அவள் ஆணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். வில்பர்ட் பொறுத்துப் பார்த்தார். முடியாமல் அவரும் சிரித்தார்.

"நான் வரும்போது நடுவுல வந்துதான் செத்தேன்," என்றாள். "இன்னைக்கு நடுவுல கூழு. வேற வழியில்லாம ஓரத்துல ஏறினேன். இந்த ஒரு சாண் அகலத்தை மட்டும் யாருங்க போட்டது? எங்க ஊர்லகூட இப்படிக் கெடையாது."

வில்பர்ட் பார்த்தார். வரப்புக்கும் புல்லுக்கும் நடுவே கெட்டியான, வழவழப்பான பட்டை ஒன்று கண்ணுக்கெட்டிய தூரம் ஓடியது. தகட்டை அதுவரை நீட்டினால் கிரேடர் பள்ளத்தில் இறங்கிவிடும். அதனால் இருபத்தேழு வருஷமாக விட்டுவிட்டார். காற்றும் மழையும் பட்டு, நரிகள் மிதித்து இறுகிப்போன மண். வேலை பாதியில் நின்றதுபோல் தெரியக் கூடாது என்றுதான் முன்னால் வரப்பு கட்டி மறைத்தும் வந்தார்.

"அதுவா," என்றார் தயங்கி. "அதுல நான் கையே வெக்கல."

"நல்லதாப் போச்சு. வெச்சுடாதீங்க."

வரப்பைத் தாண்டிச் சைக்கிளை வைத்து, டயரில் கொஞ்சம் காற்றைப் பிடுங்கிவிட்டு, ஒருவர் பின் ஒருவராக ஓட்டினார்கள். பல் ஆடவில்லை. கொசு பின்தங்கியது. ஒரு திருப்பத்தில் பனிக்கோழி ஒன்று குஞ்சுகளோடு எழுந்து வழிவிட்டது. தன் சாலைக்கு ஒரு வாசனை உண்டென்று வில்பர்ட்டுக்கு அன்றுதான் தெரிந்தது: ஈரப் பாசியும் மலைப்பூவும் கலந்த வாசனை. கிரேடரில் எப்போதும் டீசல் வாசனைதான்.

துறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பெர்த்தா இடுப்பில் கைவைத்து நின்றாள். முதலில் கைப்பிடியிலிருந்த கப்புக்குள்தான் எட்டிப் பார்த்தாள்.

"தேநீர் எங்கடா?"

"போயிடுச்சு."

"இது என்ன அரை கப்பு?"

"ரோடு."

உடனே ஒரு வழக்காடு மன்றம் கூடியது. சுமப்பது தள்ளுவதில் சேராது என்றது ஒரு கட்சி. கால் தரையில் பட்டாலே தோல்வி என்றது இன்னொரு கட்சி. வக்கீல் படித்த ஒருவர்கூட இல்லாததால் வாதம் தெளிவாக இருந்தது. வில்பர்ட் கப்பைக் கவிழ்த்துச் சரளையைக் கொட்டிவிட்டுத் தீர்ப்பைத் தானே சொன்னார்.

"மூணு கிலோமீட்டர் சைக்கிள்தான் என் மேல வந்துச்சு. பலகைய எடுத்துடறேன்."

யாரும் சிரிக்கவில்லை. பெர்த்தா தம்பியின் முதுகில் ஒட்டியிருந்த களிமண்ணைத் தட்டிவிட்டாள். அது மட்டும் நன்றாகப் பிடித்திருந்தது, உதிரவில்லை.

மறுநாள் வெள்ளம் வடிந்து படகு ஓடியது. பிரெடா அக்கரைக்குப் போகும் முன் நோட்டில் எழுதியதைப் பெர்த்தா அன்று சாயங்காலம் படித்தாள்: "முதலில் எழுதியதில் ஒரு திருத்தம். இதைப் பராமரிப்பவர் இதன்மேல் சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறார். கீழேயும் விழுந்திருக்கிறார். ஓரத்தில் ஒரு சாண் மிகப் பிரமாதம்." வயர்லெஸில் கார்டி விசில் அடித்தான்.

சொன்னபடி வில்பர்ட் பலகையைப் பிடுங்கினார். கொட்டகைக்குள் கொண்டுபோய் ஒரு வாரம் வைத்திருந்தார். அடுத்த ஞாயிறு அதே குழியில் மறுபடி நட்டபோது எழுத்து மாறியிருந்தது: "ஆறு வரை ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். லாரிகள் நடுவில் போகலாம், அது வில்பர்ட் போட்டது. சைக்கிள்கள் ஓரமாகப் போகவும், அது வில்பர்ட் தொடாதது." வரப்பில் கிலோமீட்டருக்கு ஒரு வாசலும் வெட்டியிருந்தார், ஓரத்துக்கு ஏறிக்கொள்ள.

ஆகஸ்டில் தெற்கிலிருந்து ஓர் அதிகாரி புது வண்டியில் வந்து பார்த்துவிட்டு, ஓரம் ஏன் சீவப்படவில்லை என்று படிவத்தில் கேட்டிருந்தார். "தொடர்ந்து பராமரிக்கப்படுகிறது" என்று வில்பர்ட் பதில் எழுதினார். அந்த ஒரு வரியில் பொய் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கொட்டகையில் இப்போது இரண்டு சைக்கிள்கள்தான். புதிதாக ஒன்றும் சேரவில்லை. மூன்றாவதில் வில்பர்ட் ஞாயிறுதோறும் அக்கா வீட்டு மீனுக்காக ஆற்றுக்குப் போகிறார். தேநீரை மட்டும் கப்பில் கொண்டுபோவதில்லை. மூடி திருகுகிற ஃபிளாஸ்க் ஒன்று வாங்கிவிட்டார்.