சிவப்புக் கட்டைகளை உடைத்த ரெஜினா சிஸ்ரர்

மன்சூர் நானாவின் அழைப்பு வந்தபோது நான் பின்வளவில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தேன். "தவராசா, ரெஜினா சிஸ்ரர் மோசம் போயிட்டா. பாலையூற்று வீட்டிலதான். விடிய எழும்பல்ல" என்றார். "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். பிறகு உரித்திருந்த தேங்காய்களை ஒவ்வொன்றாக எடுத்து மதிலில் அடித்து உடைத்தேன். ஏழோ எட்டோ இருக்கும். மனைவி குசினிக்குள்ளிருந்து ஓடிவந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். எனக்கு அழத் தெரியாது, உடைக்கத்தான் தெரியும். சிஸ்ரரும் அப்படித்தான் என்பது அவரோடு ஆடிய உங்களுக்குத் தெரியும்.

ஆடாதவர்களும் இதை வாசிக்கக்கூடும். திருகோணமலைத் துறைமுகத்தின் உட்குடாக் கரையில், வெள்ளைக்காரர் விட்டுப்போன ஒன்பது குழிக் கோல்ஃப் திடல் ஒன்றை நாங்கள் சிலர் புல்லுவெட்டிப் பராமரித்து வருகிறோம். நான் துறைமுகத்தில் இழுவைப் படகு இயந்திரங்களோடு மாரடித்தவன். மன்சூர் நானா கிண்ணியாவில் பலகை விற்கும் மரக்காலை வைத்திருந்தவர். எங்கள் சங்கத்தின் செயலாளர். ரெஜினா சிஸ்ரர் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை வார்ட்டைத் தலைமைத் தாதியாக முப்பது வருடம் ஆண்டவர். சண்டைக் காலத்தில் சிதைந்து வந்த உடல்களைத் தைக்கப் பிடித்துக்கொடுத்த கைகள் அவருடையவை. ஓய்வு பெற்ற அடுத்த மாதமே பழைய மட்டைகள் அடங்கிய பையோடு திடலுக்கு வந்துவிட்டார்.

எங்கள் திடலில் ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்க இரண்டு மேடைகள் உண்டு. பின்மேடையில் வெள்ளைக் கட்டைகள். எண்பது கவடு தூரம் முன்னால், சற்று இடப்பக்கமாக, சிவப்புக் கட்டைகள் வைத்த முன்மேடை. வந்த முதல் நாளே சிஸ்ரர் பின்மேடையில் ஏறினார். "சிஸ்ரர், பொம்பிளையளுக்கு முன்மேடை" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடித்தார். பந்து என் பந்தைத் தாண்டிப் போய் விழுந்தது. "நான் பொம்பிளை எண்டு பந்துக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டுவிட்டு நடந்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த கூட்டத்தில் நானே ஒரு விதியை எழுதிக் கொண்டுபோனேன்: பெண்களும் அறுபது வயது கடந்தவர்களும் முன்மேடையில்தான் ஆடவேண்டும். என் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. இருபத்தைந்து வயதுக்காரனையும் எழுபது வயதுக்காரரையும் ஒரே இடத்தில் நிறுத்திவிட்டுச் சமமான ஆட்டம் என்பது எந்த ஊர்ச் சமம்? சிஸ்ரர் எழும்பினார். "ரெண்டு மேடை இருக்கட்டும், வேணும்தான். ஆனா பிறப்புச் சான்றிதழைப் பாத்து மேடை குடுக்காதேங்கோ. ஆள் எவ்வளவு தூரம் அடிக்குது எண்டு பாத்துக் குடுங்கோ. விரும்பினவை விரும்பின இடத்தில நிக்கட்டும்."

"இது உங்களுக்குத் தாற சலுகை சிஸ்ரர்" என்றேன்.

"கேட்டு வாங்கினா அது சலுகை. கேக்காமத் தலையில கட்டினா அதுக்கு வேற பேர் தவராசா."

மன்சூர் நானா இரண்டு கையையும் தூக்கினார். "எனக்கு முன்மேடை வேணும் சிஸ்ரர். என்ட முதுகு ஏலா." சிஸ்ரர் அவரைப் பார்த்துச் சிரித்து, "நீங்க தாராளமா நில்லுங்கோ நானா, நீங்க விரும்பி நிக்கிறியள்" என்றார். அந்தச் சிரிப்பு எனக்கு இல்லையே என்ற எரிச்சலோ என்னவோ, இருந்த கதிரையைத் தூக்கி எறிந்தேன். யன்னல் கண்ணாடி நொறுங்கி ஒருவருடைய காலைக் கிழித்தது. சிஸ்ரர் குனிந்து அந்தக் காலுக்குக் கட்டுப் போட்டார். இரத்தம் கையில் இருக்க, "வாக்கெடுங்கோ" என்றார். என் விதி வென்றது.

விதியோடு ஒரு கெட்ட பழக்கமும் வந்தது. வேறு திடல்களில் பின்மேடைக்காரர் அடித்து முடியும்வரை எல்லோரும் பின்னாலேயே நிற்பார்கள். நாங்கள் வெயில் ஏறமுன் முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில், முன்மேடைக்காரரை முன்கூட்டியே நடக்கவிட்டோம். பின்னாலிருந்து நாங்கள் அடிக்க, அவர்கள் முன்னால் போய்க் காத்து நிற்பார்கள். பந்து பிசகினால் "பந்து! பந்து!" என்று கத்துவது கட்டாயம். கத்தினால் குனிந்துகொள்வார்கள். அதையே பெரிய பாதுகாப்பு என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

ஒரு சனிக்கிழமை மூன்றாம் குழியில் சிஸ்ரர் என்னை வென்றார். "முன்னால நிண்டு வெல்லுறது பெரிய காரியமோ?" என்றேன். "அப்ப என்னைப் பின்னால விடுமன். வெல்லுறனோ இல்லையோ பாப்பம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த குழியின் முன்மேடைக்கு நடந்துபோனார். நான் ஆத்திரத்தோடு ஓங்கினேன். பந்து இடப்பக்கம் இழுத்துக்கொண்டு அவரை நோக்கிப் போனது. கண்ணால் கண்டேன். இரண்டு வினாடி இருந்திருக்கும்.

நான் கத்தவில்லை. கத்தினேன், காற்று கொண்டுபோய்விட்டது என்று உங்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அது பொய். பந்து அவரில் படவேண்டும் என்று நினைக்கவில்லை. பக்கத்தில் விழட்டும், ஒருக்கால் பயந்து துள்ளட்டும் என்று நினைத்தேன். அதற்காக வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பந்து அவருடைய இடது கண்ணில் பட்டது. கல்லில் கல் பட்டதுபோல ஒரு சத்தம். ஓடிப்போனபோது முழங்காலில் இருந்தார். விரல்களுக்கிடையால் இரத்தம் வடிந்து சட்டையெல்லாம் நனைந்திருந்தது. நான் முகம் துடைக்கும் லேஞ்சியை எடுத்துக் கண்ணில் வைத்து அழுத்தப் போனேன். "அமத்தாதையும்!" என்று என் கையைத் தட்டிவிட்டார். "தேத்தண்ணி குடிச்ச பேப்பர் கப் ஒண்டு தாரும். கண்ணில படாம மேலால மூடிக் கட்டும். ஓடும், நிண்டு பாராதையும்." தன் கண்ணுக்குச் செய்யவேண்டியதை வார்ட்டில் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் சொன்னபடி செய்தேன். கண் தப்பவில்லை.

ஆஸ்பத்திரி நடையில் அவருடைய தம்பி அன்ரன் என்னைப் பிடித்தார். புல்மோட்டையில் மண் அள்ளும் இயந்திரம் ஓட்டுகிறவர். அந்தக் கையால் அடித்தார். முன்பல் இரண்டு போனது. விழுந்த பிறகும் உதைத்தார். மன்சூர் நானா குறுக்கே விழுந்து, "தம்பி, அவன் கத்தினவன்டா! காத்து கொண்டு போயிட்டு!" என்று கெஞ்சினார். நானா நான் சொன்னதை நம்பித்தான் சொன்னார். அன்ரன் என்னைப் பார்த்து, "கத்தினியோ?" என்று கேட்டார். வாய் நிறைய இரத்தத்தோடு "கத்தினன்" என்றேன். வார்ட்டுக்குள் இருந்து சிஸ்ரரின் குரல் வந்தது: "அன்ரன், விடடா அவரை. கண்ணுக்குப் பல்லு வாங்கி நான் என்ன செய்யிறது?"

நான்கு மாதம் கழித்து, கறுத்தக் கண்ணாடியோடு, தோளில் கனத்த இரும்பு அலவாங்கு வைத்துக்கொண்டு சிஸ்ரர் திடலுக்கு வந்தார். முதலாம் குழியின் சிவப்புக் கட்டைகளைக் கிளப்பி எடுத்து, அலவாங்கால் குத்திப் பிளந்தார். பிறகு இரண்டாம் குழி, மூன்றாம் குழி. நான்காம் குழியில் வெகுநேரம் நின்று, கட்டை சிராய் சிராயாகும்வரை குத்தினார். மன்சூர் நானா பின்னால் ஓடி, "சிஸ்ரர், அது சங்கத்திட சாமான்!" என்றார். "கண் என்ர சாமான் நானா" என்றார் அவர். ஒன்பது குழியும் முடிந்தபோது அவருடைய உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. ஒருவருக்கும் கிட்டப் போகத் துணிவு வரவில்லை.

பிறகு நேரே என்னிடம் வந்தார். "தவராசா, இனி நீர் அடிக்கேக்க நான் உமக்குப் பின்னாலதான் நிப்பன். நீர் கத்தினாலும் சரி, கத்தாட்டிலும் சரி."

நான் கத்தாதது அவருக்குத் தெரியும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். ஒற்றைக் கண்ணோடு அவர் பத்து வருடம் என்னோடு ஆடினார். அந்தப் பத்து வருடமும் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சங்கத்தின் விதி மாறியது. இப்போது எங்கள் திடலில் மேடைக்கு வயதும் இல்லை, ஆணும் பெண்ணும் இல்லை. அவரவர் அடிக்கும் தூரத்துக்கு ஏற்ற இடத்தில் நிற்கிறார்கள், பின்மேடைக்காரர் அடித்து முடியும்வரை ஒருவரும் முன்னால் போவதில்லை. நானா முன்மேடையில் சந்தோசமாக நிற்கிறார். போன வருடம் சிஸ்ரர் ஒருநாள் தானாகவே முன்மேடைக்குப் போனார். நாங்கள் திகைத்துப் பார்த்தோம். "என்ன பாக்கிறியள்? கை ஓய்ஞ்சு போச்சு. எனக்குத் தெரியுது, நான் வந்தனான். ஆரும் அனுப்பேல்லை" என்றார்.

மூன்று கிழமைக்கு முன் பாலையூற்று வீட்டுக்குப் போனேன். கட்டிலில் இருந்தார். நான் கதிரையை இழுத்துப் போட்டு, "சிஸ்ரர், அண்டைக்கு நான்..." என்று தொடங்கினேன். கையை உயர்த்தி மறித்தார். "தெரிஞ்ச எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? உமக்கு மனம் ஆறும், அவ்வளவுதான். அன்ரனுக்குத் தெரியாது. அவனிட்டச் சொல்லும்." என்னை மன்னித்தாரா என்று கேட்க வாய் வரவில்லை. அவரும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து சவக்காலை வாசலில் நின்றபோது அன்ரன் வந்து என் கையைப் பிடித்தார். தலை நரைத்துவிட்டது. "அண்ணை, கத்தின மனிசனைப் போட்டு அடிச்சுப் போட்டன். மன்னிச்சுக் கொள்ளுங்கோ" என்றார். பேசாமல் இருந்திருக்கலாம். அதோடு எல்லாம் முடிந்திருக்கும்.

"நான் கத்தேல்லை அன்ரன்" என்றேன். "கண்டனான். கத்தேல்லை."

கழுத்துச் சட்டையைப் பிடித்து மதிலோடு சாத்தினார். பொத்தான்கள் தெறித்தன. பின்மண்டை சுவரில் மோதியது. கை ஓங்கியபடி நின்றது. "அக்காவுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"பந்து பட்ட அண்டு தொட்டு."

"தெரிஞ்சுமோ உன்னோட விளையாடினவ?"

"ஓம்."

ஓங்கிய கையை இறக்கினார். பிறகு என்னை விட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் போய்விட்டார். நான் அந்த அடிக்குத் தயாராகத்தான் நின்றேன். அது விழவில்லை. சிஸ்ரரைத் தெரிந்த உங்களுக்கு இதை எழுதுவது, நீங்களும் என்னிடம் கேட்கவேண்டியதைக் கேட்கலாம் என்பதற்காக.

சிஸ்ரரின் மன்னிப்பு என்று வைத்துக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் அதைத் தரவில்லை. பத்து வருடம், நான் ஓங்கும்போதெல்லாம், என் தோளுக்குப் பின்னால் நின்று அவர் மூச்சுவிட்ட சத்தம்தான் என்னிடம் இருக்கிறது. நேற்று நான்காம் குழியின் பின்மேடையில் ஏறினேன். முன்னால் ஆளில்லை, பின்னாலும் ஆளில்லை. மட்டையை ஓங்கவே ஏலவில்லை. நின்ற இடத்தில் நின்றபடி, வெறும் திடலைப் பார்த்து, "பந்து! பந்து!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.