பதினேழாவது வரியில் இருந்த கண்ணாடி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பௌர்ணமிக்கு நான்கு நாள் இருக்கும்போது, திருவண்ணாமலை வேங்கிக்காலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நடந்தது இது. கடைகளில் பில் போடும் மெஷின்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். பார்த்துக்கொள்வது என்றால், அது நின்றுபோனால் ஓடிப்போய் அணைத்து, மறுபடி போடுவது. பாதி வியாதி அதிலேயே போய்விடும். மீதிப் பாதியை வைத்துத்தான் என்னை நிபுணர் என்கிறார்கள்.

அந்தக் கடைக்கு ஊரில் மூன்று கிளைகள். செங்கம் ரோட்டில் ஒன்று, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒன்று, கலெக்டர் ஆபீஸுக்கு வருகிறவர்களை நம்பி வேங்கிக்காலில் ஒன்று. மொத்தம் ஒன்பது மெஷின்கள். முதலாளி கீழ்பென்னாத்தூர்க்காரர். அதற்குப் பதினைந்து நாளுக்கு முன்னால் அவர் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"சார், போன பௌர்ணமிக்கு மெஷின் மூணு தடவ நின்னுடுச்சு. கிரிவலம் வந்த ஜனம் கவுண்டர ஒடைக்காத கொறதான். உள்ள இருக்கிற வேண்டாத குப்பையெல்லாம் எடுத்துடுங்க."

இதைவிட எனக்குப் பிடித்த வேலை உலகத்தில் கிடையாது. ஒரு மெஷினை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்து, அதன் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் கடைக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழற்றவேண்டும். பிறகு அதை அப்படியே நகல் எடுக்கவேண்டும். அந்த நகலுக்கு இமேஜ் என்று பெயர். அதை மற்ற எட்டிலும் ஏற்றிவிட்டால், ஒன்பதும் ஒரே தட்டில் வெந்த இட்லிகளாக இருக்கும்.

கழற்றியதையெல்லாம் பட்டியலாக எழுதிவைப்பது என் வழக்கம். 'யாரும் பயன்படுத்தாதவை' என்று தலைப்பு. சீட்டாட்டம், பாட்டு கேட்கும் வசதி, ஊர் பெயர் தெரியாத நாடுகளின் மொழிகள் என்று நாற்பத்தோரு வரிகள் வந்தன. வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகங்களை அடுக்கிவைத்து, வருடத்தில் நாலைக்கூடத் திறக்காத மனிதன் எழுதிய பட்டியல் அது.

போதாததற்கு ஒரு பூட்டும் போட்டேன். பகலில் யார் என்ன மாற்றினாலும், மெஷினை அணைத்துப் போட்டதும் நான் வைத்தபடியே திரும்பிவிடும். போட்ட பில்கள் மட்டும் வேறிடத்தில் பத்திரமாக இருக்கும். ஒவ்வொரு மெஷினின் நெற்றியிலும் 'செட்டிங்ஸில் யாரும் கை வைக்கக் கூடாது' என்று ஸ்டிக்கர் ஒட்டினேன். எங்கள் வீட்டில் ஒருவரும் என் பேச்சைக் கேட்பதில்லை. மெஷின்களாவது கேட்கட்டுமே.

ஒரு வாரம் கழித்து முதலாளி போன் செய்தார். "மெஷினுங்க பறக்குது சார். ஆனா வேங்கிக்கால்ல மட்டும் கேக்கிறது ஒண்ணு, வர்றது ஒண்ணா இருக்குது. வந்து பாருங்க."

நான் போனது மதியச் சாப்பாட்டு நேரம். அந்தக் கடையில் வேண்டியதைக் கவுண்டரில் சொல்லவேண்டும். அங்கே இருப்பவர் திரையில் அதற்கான பட்டனைத் தொட்டால் சீட்டு வரும். சீட்டை உள்ளே மாஸ்டரிடம் கொடுத்து வாங்கிக்கொள்ளவேண்டும். கவுண்டரில் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவர். அங்கே ஐந்து வருடமாக இருக்கிறவர், மூன்று கிளைகளிலும் அவர் கைதான் வேகமான கை என்று முதலாளியே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் முன்னால் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் அலுவலர் சீட்டை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நான் தயிர்சாதம்னு சொன்னேன். புளிசாதம்னு அடிச்சுக் குடுத்திருக்கிற. எனக்கு அல்சரும்மா!"

உள்ளேயிருந்து மாஸ்டர் குரல் கொடுத்தார். "சீட்டுல இன்னா கீதோ அதான் சார் போடுவேன். உங்க அல்சர் சீட்டுல இல்ல."

கூட்டம் குறைந்ததும் நான் மெஷின் முன்னால் உட்கார்ந்து எல்லாப் பட்டனையும் ஒவ்வொன்றாகத் தொட்டேன். தயிரைத் தொட்டால் தயிர் வந்தது, புளியைத் தொட்டால் புளி. பெரிய டாக்டர்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசுவார்களே, அந்தத் தோரணையில் முதலாளியிடம் சொன்னேன். "மெஷின்ல ஒரு கொறையும் இல்லீங்க. கை பழகல, அவ்ளோதான்."

"மத்த எட்டு மெஷின்லயும் பழகிடுச்சே?" என்றவர் அந்தப் பெண்மணி பக்கம் திரும்பினார். "ஏம்மா, பௌர்ணமிக்கு என் மச்சான கவுண்டர்ல உக்கார வெக்கிறேன். நீ உள்ள காய் நறுக்கப் போயிடு. அப்புறமும் அங்கயே இரு. இன்னா?"

"சரிங்க" என்றார் அவர். முதலாளி யாருக்கோ போன் பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார். நான் என் பையை மூடிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்தது, மெஷின் நிரபராதி.

"சார், ஒண்ணு கேக்கட்டா?" அந்தப் பெண்மணி குரலைத் தாழ்த்தினார். "முன்னாடி மெஷின்ல ஒரு பூதக்கண்ணாடி இருந்துச்சே, எழுத்து மேல வெச்சா பெருசா காட்டுமே. அது எங்க போச்சு?"

எனக்கு உடனே தெரிந்தது. பட்டியலில் பதினேழாவது வரி. திரையின் ஒரு பகுதியைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி. பக்கத்தில் 'அலங்காரம்' என்று வேறு என் கையால் குறிப்பு எழுதியிருந்தேன்.

"அத எதுக்கும்மா கேக்கிறீங்க?"

"ரெண்டு வருஷமா பார்வை கம்மி சார். பெரியாஸ்பத்திரில பாத்தாச்சு. கண்ணாடி போட்டாலும் இவ்ளோதான்னுட்டாங்க. ஆளு மொகம் தெரியுது, சின்ன எழுத்துதான் கலங்குது. அந்தப் பூதக்கண்ணாடிய வெச்சு ஒரு தப்பு இல்லாம ஓட்டிட்டிருந்தேன்."

"ஓனருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா இந்த சீட்ல விடுவாரா? அதான் சொல்லல. இப்ப பாருங்க, கண்ணு கலங்குறவ கையில கத்தியக் குடுக்குறாங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

"மொத நாளே எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா?"

அவர் ஸ்டிக்கரைத் தொட்டுக் காட்டினார். "கை வெக்கக் கூடாதுனு நீங்கதான ஒட்டினீங்க? நான் வெச்சேன் சார். எழுத்தக் கொஞ்சம் பெருசு பண்ற எடம் ஒண்ணக் கண்டுபுடிச்சேன். பூதக்கண்ணாடி அளவுக்கு வராது. மறுநாள் காலைல வந்து பாத்தா பழையபடி சின்னதா இருக்குது. தெனமும் பெருசு பண்ணேன், தெனமும் சின்னதாயிடுச்சு. யாரோ வேணும்னே பண்றாங்கனு நெனச்சேன்."

"அந்த யாரோ நான்தாம்மா" என்றேன்.

மனதில் முதலில் வந்தது ஒரு குறுக்குவழி. யாருக்கும் தெரியாமல் அந்த ஒரு மெஷினில் மட்டும் பூதக்கண்ணாடியைத் திரும்ப வைத்துவிட்டு நடையைக் கட்டிவிடலாம். ஆனால் 'கை பழகல' என்று நான் சொன்ன தீர்ப்பு அப்படியே நிற்கும். மச்சான் வந்து உட்கார்ந்துவிடுவார். அது நிற்காமலிருக்க நான் ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். இருபது வருட சர்வீஸில் எந்தக் கடைக்காரரிடமும் அதைச் சொன்னதில்லை. கரண்டு, எலி, வெயில், மட்டமான பேப்பர் ரோல் என்று எல்லாரும் என்னிடம் குற்றவாளிகளாக இருந்திருக்கிறார்கள். நான் மட்டும் இருந்ததில்லை.

வாசலுக்குப் போனேன். "தப்பு என்னோடதுங்க. கழட்டக் கூடாத ஒண்ணக் கழட்டிட்டேன். அது இல்லாம அந்தக் கவுண்டர் ஒழுங்கா ஓடாது."

"இப்பதான கை பழகலன்னீங்க?"

"அதுவும் தப்புதாங்க."

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்ல ஆளு சார் நீங்க. மெஷின எளைக்க வெக்கச் சொன்னா கண்ணப் புடுங்கிட்டீங்களா?"

சும்மா கிண்டலுக்குத்தான் சொன்னார். நான் கவுண்டர் பக்கம் திரும்பாமல் நின்றேன்.

"பௌர்ணமிக்குள்ள சரி பண்ணிடுவேங்க. ஆகலன்னா நானே வந்து காய் நறுக்கறேன்."

"செரி, அந்தம்மாவே இருக்கட்டும். ஆனா பௌர்ணமி அன்னிக்கு ஒரு சீட்டு மாறி வந்தாலும் மச்சான்தான். சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வந்து இமேஜை மறுபடி செய்தேன். பூதக்கண்ணாடியை உள்ளே வைத்தேன். மெஷின் போட்டதும் தானாக வந்து நிற்கும்படியும் செய்தேன். பிறகு ஒன்பது மெஷின்களிலும் ஏற்றினேன். ஒன்றில் மட்டும் ஏற்றினால் அதில் மட்டும் ஏன் என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. பஸ் ஸ்டாண்டு கிளையில் மட்டும், "இது எதுக்கு சார்? புதுசா?" என்று கேட்டார்கள். "புதுசு இல்ல, நான் தொலைச்சது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பௌர்ணமி அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கே வேங்கிக்கால் கடையில் கால் வைக்க இடமில்லை. நானும் வரிசையில் நின்றேன். வேடிக்கை பார்க்க என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். முதலாளி கவுண்டருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் மச்சான், சட்டைக் கையை மடித்துவிட்டுத் தயாராக.

திரைமேல் அந்தச் சதுரக் கண்ணாடி, அந்தப் பெண்மணியின் விரலோடு கூடவே போய்க்கொண்டிருந்தது. என் முறை வந்தது.

"சொல்லுங்க சார்" என்றார், முன்பின் தெரியாதவர்போல.

"தயிர்சாதம்."

சீட்டை நான் படிக்கவில்லை. மடித்து அப்படியே மாஸ்டரிடம் நீட்டினேன். தயிர்சாதம் வந்தது. உப்பு கொஞ்சம் கம்மி, ஆனால் அது என் துறை இல்லை. எட்டு மணி வரை ஒரு மூலையில் நின்றேன். ஒரு சீட்டுகூடத் திரும்பி வரவில்லை. மச்சான் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு தண்ணீர் ஜக்கை எடுத்துப்போனார்.

இன்றும் அந்தக் கவுண்டரில் அவர்தான் இருக்கிறார். முதலாளிக்கு விஷயம் தெரியுமா என்று எனக்குத் தெரியாது, கேட்டதில்லை. இமேஜ் செய்யும் முன்னால் இப்போதெல்லாம் கவுண்டரில் இருப்பவர் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருகிறேன். பட்டியல் எழுதும் பழக்கமும் போகவில்லை. தலைப்பு மட்டும் 'எனக்குத் தெரிந்து யாரும் பயன்படுத்தாதவை' என்று மாறியிருக்கிறது. முன்னால் இருக்கிற அந்த இரண்டு வார்த்தைகளைக் கற்றுக்கொள்ள எனக்கு இருபது வருட சர்வீஸும் ஒரு தட்டுத் தயிர்சாதமும் ஆயின.