லிசெத்துக்கு வீடியோ கேம் பார்த்த கதை

லா பாஸ் நகராட்சியில் ரெம்பெர்த்தோ கொண்டார்கோவுக்கு முத்திரை குத்துகிற வேலை. யாரோ முடிவெடுத்து, யாரோ கையெழுத்துப் போட்டு அனுப்பும் காகிதத்தில் இவர் ‘டப்’ என்று ஒரு குத்து. பதினாறு வருடத்தில் ஒரு குத்துகூடப் பிசகவில்லை. பிசக வழியும் இல்லை! ஆண்டவன் ஆளைப் பார்த்துத்தான் வேலை கொடுத்திருக்கிறான்.

வீட்டில்தான் வம்பு. அங்கே மனிதர் தானே முடிவெடுத்தாக வேண்டும். ஜன்னல் திரைக்கு நிறம் பார்க்க ஒன்றரை வருடம் ஆயிற்று. அதுவரை ஜன்னலில் செய்தித்தாள் தொங்கியது. கல்யாணம்கூட இவர் முடிவில்லை. நில்டாதான் தேதி குறித்து, தேவாலயத்தில் பேசி, “ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வந்துடுங்க. கோட்டு போட்டுட்டு வாங்க” என்று சொல்லியனுப்பினாள். புண்ணியவான், வந்துவிட்டார்.

மகள் லிசெத்துக்கு நாலு வயது முடிந்தபோது, மச்சான் வீட்டுப் பையன் ஒரு வீடியோ கேமை மடியில் வைத்துக்கொண்டு நூறு வரைக்கும் எண்ணிக் காட்டினான். எழுத்து, கணக்கு எல்லாம் அந்தப் பெட்டியே சொல்லிக்கொடுக்குமாம். பெட்டியின் அட்டையில் “குழந்தையின் விரைந்து முடிவெடுக்கும் திறனை வளர்க்கும்” என்று வேறு அச்சடித்திருந்தார்கள். அதைப் படித்ததும் ரெம்பெர்த்தோ நேரே மனைவியிடம் போனார்.

“நில்டா, என் பொண்ணு என்னை மாதிரி ஆயிடக் கூடாது. கேட்டா பட்டுனு பதில் சொல்ற பொண்ணா வரணும். இதை வாங்கியே தீரணும்” என்றார்.

“வாங்குங்களேன். கையைப் பிடிச்சு யாரு இழுத்தா?”

யாரும் இழுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையே மகள் கையைப் பிடித்துக்கொண்டு எலக்ட்ரானிக் கடைத்தெருவுக்குப் போனார். அங்கே இரண்டு ஜாதி இருந்தது: டிவியில் மாட்டுவது ஒன்று, கையில் பிடிப்பது ஒன்று. டிவியில் மாட்டினால் கண் கெடுமா, கையில் பிடித்தால் கழுத்து வலிக்குமா என்று ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தார். பிறகென்ன, சனிக்கிழமை தவறாமல் ஊர்வலம்தான். குழந்தை அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று, அவர் பெட்டியைத் திருப்பினால் தானும் ஒரு பெட்டியைத் திருப்பும். அவர் பெருமூச்சு விட்டால் தானும் விடும். ஒரு வருடம் இந்தப் படிப்பு நடந்தது.

கடைக்காரி பெர்பெத்துவா வாய்விட்டே கேட்டுவிட்டாள். “ஏன் அண்ணே, பொண்ணுக்குப் பொட்டி பாக்குறீங்களா, மாப்பிள்ளை பாக்குறீங்களா? போற போக்குல ரெண்டும் ஒண்ணாவே அமைஞ்சிடும் போல.”

“இன்னும் ரெண்டு கடை பார்த்துட்டு வந்துடறேன், அக்கா.”

“தாராளமா பாருங்க. நான் இங்கதான் இருப்பேன். நான் போனா என் மக இருப்பா.”

ஜனவரி இருபத்துநாலு வந்தது, அலசிதாஸ் சந்தை நாள். இந்த வருடம் வீடு வேண்டுமா, கார் வேண்டுமா, வீடு கட்டச் சாமான் வேண்டுமா, அதைச் சுண்டுவிரல் அளவு பொம்மையாக வாங்கி, சரியாகப் பகல் பன்னிரண்டுக்குப் பூசாரியிடம் புகை காட்டினால் நிஜமாகவே வந்து சேரும். பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான். மணியடித்து முடிந்தால் அடுத்த வருடம். “பொம்மையையாவது வாங்கிப் புகை காட்டிட்டு வாங்க. அப்புறமாவது புத்தி வருதா பார்ப்போம்” என்று நில்டா விரட்டிவிட்டாள்.

பொம்மைக் கடையிலும் அந்தப் பாழாய்ப்போன இரண்டு ஜாதி இருந்தது. தகரத்தில் செய்த குட்டி டிவிக்காரன் ஒன்று, அட்டையில் செய்த குட்டிக் கைக்காரன் ஒன்று. மணி பதினொன்று ஐம்பது. ரெம்பெர்த்தோவுக்கு வியர்த்தது. அப்போதுதான் அவருக்கு அந்த அபாரமான யோசனை வந்தது.

“கண்ணு, நீயே ஒண்ணை எடும்மா.”

லிசெத் தகரத்தை எடுத்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். வைத்தாள். அட்டையை எடுத்தாள், அதையும் திருப்பினாள். நெற்றியைச் சுருக்கி, ஒரு பெருமூச்சு விட்டு, கடைக்காரரிடம், “இது எத்தனை வருஷம் உழைக்கும்?” என்று கேட்டாள்.

கடைக்காரர் சிரித்தார். ரெம்பெர்த்தோவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சுருங்கின நெற்றி அவருடையது. அந்தப் பெருமூச்சும் அவருடையதுதான்.

தேவாலய மணி அடிக்கத் தொடங்கியது. சந்தையே பொம்மையும் கையுமாகப் பூசாரிகளை நோக்கி ஓடியது.

“ஏதாவது ஒண்ணை எடு லிசெத்! சீக்கிரம்!”

குழந்தை உதடு பிதுங்க அழ ஆரம்பித்தாள். “தப்பா எடுத்துட்டேன்னா என்னப்பா பண்றது?”

நாற்பத்தேழு வயதுக்காரர் கண்ணை இறுக மூடினார், கையை நீட்டினார், அகப்பட்டதைப் பிடுங்கினார், மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினார். அவர் வாழ்க்கையில் எடுத்த முதல் முடிவு அது.

“யோவ், காசு!” என்று பின்னாலிருந்து கடைக்காரர் கத்தினார்.

அவர் நீட்டிய மூடின கைக்குப் பூசாரி புகை காட்டி, பூவிதழ் தூவி, சாராயம் தெளித்து, “கேட்டது கிடைக்கட்டும்” என்று முடிக்கவும் மணி நிற்கவும் சரியாக இருந்தது. ரெம்பெர்த்தோ கையை விரித்துப் பார்த்தார்.

உள்ளே இருந்தது ஒரு குட்டி சிமெண்ட் மூட்டை.

லிசெத் மூட்டையைப் பார்த்தாள், அப்பா முகத்தைப் பார்த்தாள். மூக்கு ஒழுக ஒழுகச் சிரித்தாள். “அப்பா தப்பா எடுத்துட்டாரு! அய்யய்யோ, சிமெண்ட்டு!” பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடமும் சொன்னாள். பூசாரியிடமும் சொன்னாள். இடி எதுவும் விழவில்லை. ரெம்பெர்த்தோவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

காசு கொடுக்கத் திரும்பி வந்தபோது லிசெத் அப்பாவின் இடுப்பிலிருந்து சறுக்கி இறங்கினாள், கடைக்கு ஓடினாள், ஒன்றைத் தூக்கினாள். பின்பக்கம் பார்க்கவில்லை.

“இது” என்றாள்.

மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டதே, அதுவும் டிவிக்காரன் ஆயிற்றே, கண் கெடுமே என்று சொல்ல ரெம்பெர்த்தோ வாயெடுத்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு காசை நீட்டினார். அன்றைக்கு அது அவருடைய இரண்டாவது முடிவு.