ஊதிக் காட்டுங்க

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் செல்லத்துரையின் தொண்டையை அறியாதவர் கிடையாது. தனியார் பஸ்களுக்கு ஆள் கூப்பிடுவது அவர் வேலை. ‘கழுகுமலை, சங்கரன்கோயில்’ என்று அவர் இழுக்கிற இழுப்பில், விளாத்திகுளம் போக வந்தவர்கூட ஒரு நிமிஷம் யோசிப்பார். ஒரு காலத்தில் அந்தத் தொண்டையில் சாராயமும் தாராளமாக இறங்கியது.

மனைவி சீனித்தாய் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு வெள்ளிக்கிழமை காளி கோயிலுக்கு இழுத்துப்போய்ப் பூசாரி கையால் கயிறு கட்டவைத்தாள். கயிறு கட்டியவன் மறுபடி குடித்தால் கைகால் விழுந்துவிடும். அந்தப் பக்கத்தில் இதில் யாருக்கும் சந்தேகமில்லை. செல்லத்துரை பயந்த சுபாவம். குடியை விட்டுவிட்டார். சீனித்தாய்தான் விடவில்லை. சாயங்காலம் அவர் படியேறும்போதே, “ஊதிக் காட்டுங்க” என்பாள். அவரும் பிள்ளை மாதிரி கன்னத்தை உப்பி அவள் முகத்தில் ஊதுவார். அப்புறம்தான் சோறு. சில வருஷம் இப்படி நன்றாகவே ஓடியது.

தொண்ணூற்றொன்பதில் ஒருநாள் பஸ் கூரையில் வத்தல் மூடை ஏற்றக் கைகொடுத்தபோது, ஏணிக் கம்பியில் அவர் மண்டை நச்சென்று மோதியது. ரத்தம் வரவில்லை. ரத்தம் வராத அடியெல்லாம் ஒரு அடியா? எதிர் டீக்கடையிலிருந்து அதைப் பார்த்த ஜாபர் அலியிடம் ஒரு டீ குடித்துவிட்டு எழுந்து போனார். வீட்டில் சொல்லக்கூட இல்லை.

ஒரு மாதம் போல் கழித்துத் தலைவலி வந்தது. பிறகு நாக்குக் குழறியது. கழுகுமலை பஸ் முன்னால் நின்று, ‘குளத்தூர், குளத்தூர்’ என்று கூப்பிட்டார். தப்பாக ஏறியவர்கள் வைதார்கள். நடை தள்ளாடியது. பழைய ஆட்டம் ஆரம்பித்துவிட்டதென்று பஸ் ஸ்டாண்டே சிரித்தது.

“ஊதிக் காட்டுங்க.”

ஊதினார். வாடையே இல்லை. கொய்யா இலையை மென்று மறைத்திருக்கிறார் என்று நினைத்தாள். அது அவருடைய பழைய வித்தை.

“ஏட்டி, சத்தியமா நான் குடிக்கல.”

“கயிறு கட்டுன கைய வச்சுக்கிட்டுச் சத்தியம் வேற பண்ணுதீங்களாக்கும். அப்ப கால் ஏன் இழுக்குது?”

பாவம், அவருக்கே தெரியாது.

கால் இழுக்க இழுக்க அவளுக்கு உறுதியாகிவிட்டது. காளி கணக்குக் கேட்டுவிட்டாள். தெய்வக் குற்றத்துக்கு ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்? ஈரத்துணியோடு அவரைக் கோயில் சுற்றவைத்தாள். செய்யாத தப்புக்கு அந்த மனிதர் விழுந்து விழுந்து கும்பிட்டார். ஒருநாள் அப்படி விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஜாபர் அலிதான் கார் பிடித்துப் பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தலையில் அடிபட்டதா என்று டாக்டர் கேட்டதும் ஏணிக் கம்பியைச் சொன்னவரும் அவர்தான். சீனித்தாய் அப்போதுதான் அதைக் கேள்விப்படுகிறாள்.

“மூளைக்கு மேல ரத்தம் கொஞ்சங்கொஞ்சமாக் கசிஞ்சு தேங்கியிருக்கும்மா. ரொம்ப வருஷம் குடிச்சவங்களுக்கு மூளை சுருங்கியிருக்கும். சின்ன அடியே போதும்.”

“இப்பக் குடிச்சதுல வந்தது இல்லியா, சார்?”

“இப்பக் குடிச்சாரா? யாரும்மா சொன்னது?”

பஸ் ஸ்டாண்டோடு சேர்ந்து சிரித்திருந்த ஜாபர் அலி தலையைக் குனிந்துகொண்டார்.

மண்டையோட்டில் இரண்டு துளை போட்டார்கள். பழைய இன்ஜின் ஆயில் மாதிரி கறுப்பாக வந்ததாம். மிச்சம் குழாய் வழியே வடிந்தது. பக்கத்துக் கட்டில்காரர் இதே ஆபரேஷன் முடிந்து சில நாளில் நடந்தே வீட்டுக்குப் போனார். “நடக்கும்போதே கூட்டிட்டு வந்திருந்தா இவரும் போயிருப்பாரு,” என்றார் டாக்டர். செல்லத்துரைக்கு மறுபடி ரத்தம் தேங்கியது, மறுபடி திறந்தார்கள். கண் விழித்தார். பேச்சு மட்டும் வரவில்லை. இனி வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் கிடத்திய பிறகு அவள் அவர் காதருகே சொன்னாள்.

“நீங்க குடிக்கல. எனக்குத் தெரியும். கேக்குதா?”

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை தடவை சொல்லியும் அந்தக் கண் திரும்பவில்லை. அழுதுகொண்டே கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து அவர் முகத்தருகே குனிந்தாள்.

செல்லத்துரை கன்னத்தை உப்பி அவள் முகத்தில் ஊதினார்.

ஊதிய பிறகுதான் கஞ்சிக்கு வாயைத் திறந்தார். கடைசிவரை ஒவ்வொரு வேளையும் அப்படித்தான்.